புதிய ஆட்டக்காரருக்குக் கேரக்டர் ஷீட்டைக் கற்றுக்கொடுப்பது எப்படி?

ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை நடத்தும் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர் முதலில் திணறுவது, தம் கதாபாத்திரத்தின் விவரங்கள் அடங்கிய தாளான கேரக்டர் ஷீட்டைக் கையில் வாங்கும்போதுதான். ஆறு திறன்கள், ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு எண்கள், பதினெட்டு ஸ்கில்கள், ஏசி (தாக்குதலைத் தடுக்கும் எண்), ஹெச்பி (உயிர்ப்புள்ளிகள்), ஆயுதங்கள், சிறப்பாற்றல்கள் என்று எல்லாமே ஒரே தாளில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். நெடுநாள் ஆடிப் பழகிய நண்பர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து அந்தத் தாளை மேலிருந்து கீழாக வரிவரியாக விளக்கத் தொடங்குவார். பத்து நிமிடம் கழிந்தபின் கேட்பவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார்; மனத்தில் எதுவும் தங்கியிருக்காது. விளக்கியவரின் அக்கறையிலோ கேட்டவரின் அறிவிலோ குறை எதுவும் இல்லை. வரிசைதான் தவறு.

புதியவர் தம் தாளில் உள்ள ஓர் எண்ணைக் காட்டி, அது எங்கிருந்து வந்தது, எப்போது பயன்படும் என்று தாமே சொல்ல முடிந்தால் அந்த விதி அவருக்குப் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம். அதைச் சொல்ல முடியாதவரை, எத்தனை விதிகளை மனப்பாடமாக ஒப்பித்தாலும் ஒவ்வொரு முறையும் அவர் பக்கத்து நாற்காலியைப் பார்த்துத்தான் ஆடுவார். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு நோக்கத்தை முன்வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு, அதாவது 2014-இல் வெளிவந்த விதிகள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட மூல ஆட்டம், சிறு பொம்மை வீரர்களை மேசையில் நிறுத்தி ஆடும் போர் ஆட்டங்களிலிருந்து கிளைத்தது. கதை சொல்லும் ஆட்டம் என்று கேள்விப்பட்டு வந்தவரின் தாளில் பாதிக்கு மேல் சண்டை பற்றிய எண்களாக இருப்பதற்கு அந்தப் பிறப்பே காரணம். இதைத் தொடக்கத்திலேயே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால், தாளைப் பார்த்தவுடன் எழும் ஏமாற்றம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

உட்காருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை

முதலில், எந்த ஆண்டின் விதிகளை ஆடப்போகிறோம் என்பதை மேசையில் உள்ள அனைவரும் ஒருமனதாக முடிவு செய்ய வேண்டும். 2024-இல் ஐந்தாம் பதிப்பின் திருத்திய விதிநூல் வந்துவிட்டதால், இணையத்தில் தேடும் புதியவருக்கு இரண்டு பதிப்புகளின் விடைகளும் கலந்தே கிடைக்கும். 2014 விதிகளில் ஹாஃப்லிங் என்ற குள்ள இனத்தவர் ஒரு சுற்றில் 25 அடி நடக்கலாம்; 2024 விதிகளில் 30 அடி நடக்கலாம். திறன் எண்களுக்கான கூடுதல் புள்ளிகள் பழைய விதிகளில் இனத்திலிருந்து வருகின்றன. புதிய விதிகளில் பேக்கிரவுண்டிலிருந்து, அதாவது கதாபாத்திரத்தின் முன்வாழ்க்கைப் பின்னணியிலிருந்து வருகின்றன. இரண்டையும் அறியாமல் கலந்துவிட்டால், தாளில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அடிப்படை விதிகளைப் படிப்பதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. எஸ்ஆர்டி 5.1 என்ற விதித்தொகுப்பை ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2023-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிட்டுவிட்டது. அதை யார் வேண்டுமானாலும் தரவிறக்கிப் படிக்கலாம்.

அடுத்தது, முதல் கதாபாத்திரத்தைப் புதியவரே உருவாக்குவதா, ஆயத்தமாக ஒன்றைக் கொடுப்பதா என்ற கேள்வி. தாமே உருவாக்கினால்தான் பற்று வரும் என்று வாதிடுவோர் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு கிளாஸ்களில் (கதாபாத்திரத்தின் தொழில்வகைகளில்) ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் பன்னிரண்டும் எதைச் செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறைகூட ஆடாதவருக்கு அது தெரிய வழியில்லை. எனவே முதல் அமர்வுக்கு மட்டும் முதல் லெவலில் உள்ள ஆயத்தக் கதாபாத்திரத்தைக் கொடுத்து, பெயர், தோற்றம், குணம், பின்கதை ஆகியவற்றை அவர் விருப்பத்துக்கு விட்டுவிடுவது நல்லது. பிடிக்கவில்லையென்றால் இரண்டாம் அமர்வில் எதையும் மாற்றிக்கொள்ளலாம் என்ற உறுதியையும் அப்போதே கொடுத்துவிட வேண்டும்.

எந்தக் கிளாஸைக் கொடுப்பது? ஃபைட்டர் (போர்வீரர்), ரோக் (பதுங்கித் தாக்குபவர்), பார்பேரியன் (முரட்டு வீரர்) மூன்றும் கற்றுக்கொள்ள எளியவை. ஆயினும் மந்திரவாதியாக ஆட வேண்டும் என்ற ஆசையோடு வந்தவரிடம் வாளைத் திணிக்கக் கூடாது. எளிமையைக் காரணம் காட்டி ஆசையை மறுத்தால் அவர் இரண்டாம் முறை வரமாட்டார். மந்திரம் வேண்டுமென்றால் சார்சரர் கிளாஸைப் பரிந்துரைப்பேன். முதல் லெவலில் சார்சரருக்கு நான்கு கேன்ட்ரிப்களும் (எளிய சிறு மந்திரங்கள்) இரண்டு ஸ்பெல்களும் (மந்திரங்கள்) மட்டுமே தெரியும். கிளெரிக், டிரூயிட் என்ற மந்திரக் கிளாஸ்கள் என்றால் ஒவ்வொரு நாளும் ஓய்வுக்குப்பின் ஒரு முழுப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். முதல் நாளுக்கு அந்தச் சுமை வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள ஒரே உருட்டல்

தாளைக் கையில் கொடுப்பதற்கு முன் இருபது முகப் பகடையைக் கொடுங்கள். இந்த ஆட்டத்தின் பெரும்பகுதி ஒரே ஒரு செயல்தான்: அந்தப் பகடையை உருட்டி, தாளில் உள்ள ஓர் எண்ணைக் கூட்டி, வந்த தொகை ஓர் இலக்கை எட்டுகிறதா என்று பார்ப்பது. இலக்குக்குச் சமமாக வந்தாலும் வெற்றிதான். இதைச் சொல்லிவிட்டு இரண்டு மூன்று முறை உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டிய கதவு, இலக்கு 15, தாளில் உள்ள எண் 3. பகடையில் 12 விழுந்தால் கதவு திறக்கும், 11 விழுந்தால் திறக்காது. அவ்வளவுதான்.

இந்த உருட்டல் மூன்று வேடங்களில் வரும். எதிரியைத் தாக்கும்போது இலக்கு எதிரியின் ஏசி. இதற்கு அட்டாக் ரோல் என்று பெயர். ஒரு காரியத்தை முயன்று பார்க்கும்போது இலக்கை டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், நிர்ணயிப்பார், இது செக். எளிய காரியத்துக்கு 10, நடுத்தரமானதற்கு 15, கடினமானதற்கு 20 என்பது விதிநூல் தரும் அளவுகோல். தமக்கு நேரும் ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது சேவிங் த்ரோ. முதல் இரண்டும் ஆட்டக்காரர் தாமே தொடங்குபவை, மூன்றாவது அவர்மீது வந்து விழுவது என்ற வேறுபாட்டைச் சொன்னால் போதும். செக்குக்கும் சேவுக்கும் உள்ள குழப்பம் அதிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அட்வான்டேஜ், டிஸ்அட்வான்டேஜ் இரண்டையும் இதே இடத்தில் சொல்லிவிடலாம். சூழ்நிலை சாதகமாக இருந்தால் இருபது முகப் பகடைகள் இரண்டை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். பாதகமாக இருந்தால் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ 50 விழுக்காடு வாய்ப்பு என்றால், அட்வான்டேஜோடு உருட்டும்போது அது 75 விழுக்காடாகிறது. ஒளிந்திருந்து தாக்குவதும், விழுந்து கிடப்பவனைப் பக்கத்தில் நின்று தாக்குவதும் ஏன் இவ்வளவு பயன் தருகின்றன என்பதைப் புதியவர் இந்தக் கணக்கிலிருந்தே உணர்ந்துகொள்வார்.

ஒரு தாளைப் பிரித்துப் பார்ப்போம்

இனி தாளுக்கு வரலாம். மின்னி என்ற ஹாஃப்லிங் ரோக், முதல் லெவல், லைட்ஃபுட் கிளையைச் சேர்ந்தவள் என்று வைத்துக்கொள்வோம். திறன் எண்களுக்கு விதிநூல் தரும் ஆயத்த வரிசையான 15, 14, 13, 12, 10, 8 என்பதையே பயன்படுத்துவோம். ஸ்ட்ரென்த் (வலிமை) 8, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 15, கான்ஸ்டிட்யூஷன் (உடலுறுதி) 14, இன்டெலிஜென்ஸ் 10, விஸ்டம் 13, கரிஸ்மா 12. ஹாஃப்லிங் என்பதால் டெக்ஸ்டெரிட்டியில் 2 கூடி 17 ஆகிறது. லைட்ஃபுட் என்பதால் கரிஸ்மாவில் 1 கூடி 13 ஆகிறது.

இங்கேதான் முதல் பெரிய குழப்பம் எழும். 17 என்று எழுதியிருக்கிறது, அதன் அருகிலேயே +3 என்றும் எழுதியிருக்கிறது, எதைக் கூட்டுவது? ஆட்டத்தின்போது கூட்டுவது எப்போதும் +3, அதாவது மாடிஃபையர். 17 என்பது ஸ்கோர். அதிலிருந்து 10-ஐக் கழித்து, மிச்சத்தைப் பாதியாக்கி, பின்னம் வந்தால் கீழ்நோக்கி முழுமையாக்கினால் மாடிஃபையர் கிடைக்கும். 17-லிருந்து 10 போனால் 7, பாதி மூன்றரை, எனவே 3. ஸ்ட்ரென்த் 8 என்றால் −1. ஸ்கோர் என்பது மாடிஃபையரைக் கண்டுபிடிக்க உதவும் எண், ஆட்டத்தில் அதை நேரடியாகத் தொடும் தேவை மிக அரிதாகவே வரும். தாளை நீங்களே அச்சிட்டுக் கொடுக்கிறீர்கள் என்றால் மாடிஃபையரைப் பெரிதாகவும் ஸ்கோரைச் சிறிதாகவும் போட்டுவிடுங்கள்; பாதி விளக்கம் மிச்சமாகும்.

இரண்டாவது எண் புரொஃபிஷியன்சி போனஸ். முதல் லெவலிலிருந்து நான்காம் லெவல் வரை அனைவருக்கும் அது +2. கிளாஸ் எதுவானாலும் மாறாது. அந்தக் கதாபாத்திரம் பயிற்சி பெற்ற காரியங்களில் மட்டும் அதைக் கூட்ட வேண்டும். பிறவியில் வந்தது மாடிஃபையர், பழக்கத்தில் வந்தது புரொஃபிஷியன்சி என்று சொன்னால் யாரும் மறக்கமாட்டார்கள்.

இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு தாளின் மற்ற பகுதிகளைப் புதியவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மின்னியின் தாளில் ஷார்ட்போ என்ற சிறுவில்லுக்கு நேராக +5 என்று இருக்கிறது. ஏன் 5? தொலைவிலிருந்து எய்யும் ஆயுதம் என்பதால் டெக்ஸ்டெரிட்டியின் 3. வில்லில் பயிற்சி உண்டு என்பதால் 2. சேதம் 1டி6 + 3, அதாவது ஆறு முகப் பகடை ஒன்றில் விழும் எண்ணோடு 3, என்று இருக்கிறது. இதில் புரொஃபிஷியன்சி சேரவில்லை என்பதை அவரே கவனிக்கட்டும்; பயிற்சி குறிபார்ப்பதற்கு உதவுகிறது, சேதத்தை அது கூட்டுவதில்லை. பெர்செப்ஷன் (கவனித்தறிதல்) +3: விஸ்டமிலிருந்து 1, பயிற்சியிலிருந்து 2. ஸ்டெல்த் (ஒளிந்து நகர்தல்) +7 என்று இருப்பதைப் பார்த்து அவர் விழிப்பார், ஏனெனில் 3-உம் 2-உம் சேர்ந்தால் 5-தான். அப்போதுதான் எக்ஸ்பெர்டிஸைச் சொல்ல வேண்டும். ரோக் கிளாஸுக்கு முதல் லெவலிலேயே இரண்டு ஸ்கில்களில் புரொஃபிஷியன்சி இரட்டிப்பாகும். மின்னி அதில் ஒன்றாக ஸ்டெல்த்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். கேள்வி அவரிடமிருந்தே எழுந்தபின் சொல்லப்படும் விதி மனத்தில் தங்கும். அதே விதியை முன்கூட்டியே சொன்னால் பத்தோடு பதினொன்றாகப் போய்விடும்.

ஏசி 14 எப்படி வந்தது? தோல் கவசம் தரும் 11, டெக்ஸ்டெரிட்டியின் 3. கனமான செயின்மெயில் அணிந்த ஃபைட்டருக்கு ஏசி 16. அங்கே டெக்ஸ்டெரிட்டி சேராது, கேடயம் பிடித்தால் 2 கூடும். இந்த இரண்டையும் அருகருகே காட்டினால், சுறுசுறுப்பானவருக்கு இலகுவான கவசமும் மெதுவானவருக்குக் கனமான கவசமும் ஏன் பொருந்துகின்றன என்பது விளங்கும். ஹெச்பி 10 என்பது ரோக் கிளாஸின் எட்டு முகப் பகடையின் உச்ச எண்ணான 8, அதோடு கான்ஸ்டிட்யூஷனின் 2. இவ்வளவையும் பார்த்து முடிக்கக் கால் மணி நேரம் போதும். பிறகு ஓர் எண்ணின்மேல் விரலை வைத்து மூடி, இங்கே என்ன இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு எண்களுக்குச் சரியான விடை வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். இதைத் தேர்வாக நடத்தக் கூடாது.

தாளில் மீதமுள்ளவற்றை இப்போது தொட வேண்டாம். பை நிறைய உள்ள பொருட்கள், தெரிந்த மொழிகள், ஹாஃப்லிங்குக்கே உரிய லக்கி என்ற ஆற்றல் எல்லாம் தேவைப்படும் கணத்தில் வரட்டும். முதன்முறை பகடையில் 1 விழும்போது, “உங்கள் இனத்துக்கு மறுமுறை உருட்டும் உரிமை இருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். அந்த விதியை அவர் அதன்பிறகு மறக்கவே மாட்டார்.

ஒரு சுற்றில் என்னவெல்லாம் செய்யலாம்

சண்டை தொடங்கியதும் புதியவர் கேட்கும் கேள்வி, என் முறை வந்தால் நான் என்ன செய்யலாம் என்பதுதான். நடக்கலாம், ஓர் ஆக்ஷன் செய்யலாம். இதுவே விடையின் முக்கியப் பகுதி. நடையைப் பிரித்தும் பயன்படுத்தலாம்: பத்தடி முன்னே வந்து அம்பு எய்துவிட்டு மீதிப் பதினைந்தடி பின்வாங்கி மரத்தின் பின் நின்றுகொள்ளலாம்.

போனஸ் ஆக்ஷன் என்ற பெயர் எல்லோரையும் குழப்பும். ஒவ்வொருவருக்கும் கூடுதலாக ஒரு செயல் இருக்கிறது, அதை வீணாக்கக் கூடாது என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். கிளாஸோ ஸ்பெல்லோ வேறு விதியோ வெளிப்படையாகக் கொடுத்தாலொழிய போனஸ் ஆக்ஷன் கிடையாது. முதல் லெவலில் வில்லோடு நிற்கும் மின்னிக்கு அப்படி எதுவும் இல்லை என்பதால், அவள் தாளில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவைக்கலாம். ஃபைட்டர் ஆடுபவருக்கு செகண்ட் விண்ட் இருக்கிறது. 1டி10-ஐ உருட்டித் தம் ஃபைட்டர் லெவலைக் கூட்டி, அத்தனை ஹெச்பியை மீட்டுக்கொள்ளலாம். அதை ஒருமுறை பயன்படுத்தியபின் ஓய்வெடுத்தால்தான் மீண்டும் கிடைக்கும். ரியாக்ஷன் என்பது மற்றவர் முறையின்போது நிகழ்வது. எதிரி விலகி ஓடும்போது கைக்கெட்டும் ஆயுதத்தால் ஒரு வெட்டு வெட்டுவது அதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு.

ரோக் ஆடுபவர் தவறாமல் தடுமாறும் விதி, கூடுதல் சேதம் தரும் ஸ்னீக் அட்டாக். பெயரைப் பார்த்து ஒளிந்திருந்தால் மட்டுமே அது நடக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒளிய முயன்று பாதிச் சண்டையைக் கழித்துவிடுகிறார்கள். உண்மையான நிபந்தனை வேறு. தாக்குதலில் அட்வான்டேஜ் இருக்க வேண்டும். அல்லது இலக்குக்கு ஐந்தடிக்குள் அதற்குப் பகையான வேறொருவர், பெரும்பாலும் நம் தோழர், செயலிழக்காமல் நிற்க வேண்டும், அதோடு நம் தாக்குதலுக்கு டிஸ்அட்வான்டேஜ் இல்லாதிருக்க வேண்டும். ஆயுதம் வில் போன்றதாகவோ, ஃபினெஸ் என்று குறிக்கப்பட்ட இலகுவான கைவாளாகவோ கத்தியாகவோ இருக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒருதடவை மட்டுமே.

இதை எண்களோடு காட்டினால்தான் தெளிவாகும். முன்னே காப்ளின் என்ற ஒரு சிறு பூதம். ஏசி 15, ஹெச்பி 7. மின்னியின் தோழரான ஃபைட்டர் அதனருகே வாளோடு நிற்கிறார். மின்னி எய்கிறாள், பகடையில் 11, அதோடு 5, மொத்தம் 16. ஏசியைத் தாண்டிவிட்டது, அம்பு தைக்கிறது. சேதத்துக்கு ஆறு முகப் பகடையில் 2 விழுகிறது; 3 கூட்டினால் 5. காப்ளின் இன்னும் 2 ஹெச்பியோடு உயிரோடு இருக்கும். ஆனால் தோழர் அருகே நிற்பதால் ஸ்னீக் அட்டாக்கின் ஆறு முகப் பகடையும் சேர்கிறது. அதில் 4 விழ, மொத்தச் சேதம் 9 ஆகி காப்ளின் சாய்கிறது. ஃபைட்டர் எங்கே நிற்கிறார் என்பது ரோக்கின் சேதத்தை முடிவு செய்கிறது. இந்த ஆட்டம் ஏன் கூட்டாக ஆடப்படுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்கும் விதி வேறொன்றும் இல்லை என்பது என் கருத்து.

பகடையிலேயே 20 விழுந்தால் தாக்குதல் தவறாமல் படும். சேதத்துக்கு உருட்டும் பகடைகளின் எண்ணிக்கை, ஸ்னீக் அட்டாக் உட்பட, இரட்டிப்பாகும். கூட்டும் எண் இரட்டிப்பாகாது.

மந்திரம் கற்பவருக்கு

மந்திரக் கிளாஸ்களில் எல்லாச் சிக்கலுக்கும் மூலம், லெவல் என்பது இரண்டு வெவ்வேறு அளவுகளைக் குறிப்பதுதான். கதாபாத்திரத்தின் லெவல் 1 முதல் 20 வரை போகும். ஸ்பெல்லின் லெவல் 1 முதல் 9 வரை போகும். மூன்றாம் லெவல் விசார்டால் மூன்றாம் லெவல் ஸ்பெல்லான ஃபயர்பாலைப் பயன்படுத்த முடியாது. ஐந்தாம் லெவல் விசார்டால்தான் முடியும். புதியவர் தாமாகவே இதைத் தவறாகப் புரிந்துகொள்வார் என்பது உறுதி என்பதால், ஸ்பெல்லின் அளவை மேசையில் பேசும்போது “படி” என்றே சொல்லிப் பழக்கலாம்: முதல் படி ஸ்பெல், மூன்றாம் படி ஸ்பெல்.

அடுத்து ஸ்லாட். ஸ்பெல் ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பது வேறு, அதைச் செலுத்தும் வலு மிச்சமிருப்பது வேறு. முதல் லெவல் விசார்டுக்கு முதல் படி ஸ்லாட்கள் இரண்டு. மேஜிக் மிஸைலை இரண்டு முறை செலுத்தலாம், அல்லது அதை ஒருமுறையும் வேறொன்றை ஒருமுறையும் செலுத்தலாம்; அதன்பின் ஓய்வு எடுக்கும்வரை ஸ்லாட் இல்லை. இதைத் தாளில் கட்டம் போட்டு அடித்துக் காட்டுவதைவிட, கையில் இரண்டு புளியங்கொட்டைகளைக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு முறையும் ஒன்றைத் திருப்பி வாங்கிக்கொள்வது நல்லது. எவ்வளவு மிச்சம் என்பதைக் கண் பார்த்துக்கொள்ளும், கேள்வி எழாது. மேல்படி ஸ்லாட்கள் கிடைத்தபின் பெரிய கொட்டை ஒன்றைக் கொடுத்து, அதைச் செலவழித்தால் மேஜிக் மிஸைலின் மூன்று அம்புகள் நான்காகும் என்று காட்டலாம். கேன்ட்ரிப்களுக்குக் கொட்டை தேவையில்லை; எத்தனை முறை வேண்டுமானாலும் செலுத்தலாம்.

கான்சன்ட்ரேஷன் விதியைப் பழகியவர்களே மறந்துவிடுகிறார்கள். கான்சன்ட்ரேஷன் தேவைப்படும் ஸ்பெல்கள் இரண்டை ஒரே நேரத்தில் தாங்கிப்பிடிக்க முடியாது. இரண்டாவதைத் தொடங்கினால் முதலாவது அறுந்துவிடும். அடிபட்டால் கான்ஸ்டிட்யூஷன் சேவ் உருட்ட வேண்டும். இலக்கு 10, அல்லது பட்ட சேதத்தில் பாதி, இவற்றில் எது பெரிதோ அது. அந்த வகை ஸ்பெல் நடப்பிலிருக்கும்போது ஆட்டக்காரர் முன்னால் ஒரு சீட்டை வைத்துவிட்டால், அடிபடும் வேளையில் மேசையில் ஒருவராவது நினைவூட்டுவார்.

சில ஸ்பெல்களுக்கு ஆட்டக்காரர் உருட்ட வேண்டும், சிலவற்றுக்கு எதிரி உருட்ட வேண்டும், மேஜிக் மிஸைலுக்கு யாருமே உருட்ட வேண்டியதில்லை. இன்டெலிஜென்ஸ் 16 உள்ள முதல் லெவல் விசார்டுக்கு அட்டாக் எண் +5. எதிரி எட்ட வேண்டிய இலக்கு 8 + 2 + 3, அதாவது 13. ஒவ்வொரு ஸ்பெல்லின் பக்கத்திலும் யார் உருட்டுவது என்பதை மட்டும் பென்சிலால் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.

விழுந்தபின் என்ன ஆகும்

ஹெச்பி பூஜ்யமானவுடன் கதாபாத்திரம் செத்துவிட்டது என்று எண்ணிப் புதியவர் தாளை மடித்து வைத்துவிடுவதுண்டு. அது நடக்கும்முன்பே விதியைச் சொல்லிவைப்பது அன்புள்ள செயல். பூஜ்யத்தில் மயக்கம் மட்டுமே. ஒவ்வொரு முறையும் தம் சுற்று வரும்போது எந்த எண்ணையும் கூட்டாமல் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் வெற்றி. மூன்று வெற்றிகள் வந்தால் உயிர் நிலைபெறும், மூன்று தோல்விகள் வந்தால் மரணம். 20 விழுந்தால் ஒரு ஹெச்பியோடு எழலாம். 1 விழுந்தால் இரண்டு தோல்விகளாகக் கணக்கு. இதற்கிடையில் தோழர் ஒருவர் ஒரே ஒரு ஹெச்பி மீளும்படி சிகிச்சை செய்தாலும் கண்விழித்துவிடலாம். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: பூஜ்யத்துக்குக் கீழே மிச்சமாகும் சேதமே முழு ஹெச்பியை எட்டினால் உடனே மரணம். 10 ஹெச்பி மட்டுமே உள்ள முதல் லெவலில் இது நடக்கக்கூடியதுதான் என்பதால், டிஎம் பெரிய எதிரிகளை இறக்குமுன் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தாள் எதைக் கட்டுப்படுத்துகிறது, எதைக் கட்டுப்படுத்தவில்லை

விதிகளைக் கற்றுக்கொடுப்பதில் ஒரு பக்கவிளைவு உண்டு: புதியவர் தாளில் எழுதியவற்றை மட்டுமே செய்யலாம் என்று நம்பத் தொடங்கிவிடுவார். காவலாளி முன்னால் நிற்கும்போது ஸ்கில் பட்டியலை மேலும் கீழும் தேடுவார். அப்போது தாளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, “மின்னி என்ன செய்கிறாள்?” என்று கேளுங்கள். கூடையில் பழம் விற்பவள்போல நடித்து உள்ளே போகப் பார்க்கிறாள் என்று அவர் சொன்னால், அதற்கு டிசெப்ஷன் (ஏமாற்று) செக் உருட்ட வேண்டும் என்று டிஎம் சொல்வார். செயலை ஆட்டக்காரர் சொல்ல வேண்டும், விதியை டிஎம் பொருத்த வேண்டும். இந்த வரிசை ஒருமுறை பதிந்துவிட்டால் தாள் அவருக்கு வேலியாக இராது.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். செக்கில் 20 விழுந்துவிட்டதால் அரசர் தம் நாட்டையே எழுதிக்கொடுக்க வேண்டும் என்று ஒருவர் வாதிடுவார். 20 தானாகவே வெற்றி என்பது தாக்குதலுக்கு மட்டுமான விதி. 2014 விதிகளில் ஸ்கில் செக்குக்கு அது பொருந்தாது. மேலும், நடக்கவே முடியாத காரியத்துக்கு டிஎம் உருட்டச் சொல்லவே கூடாது. உருட்டச் சொல்லிவிட்டு, வந்த எண்ணைக் கேட்டபின் முடியாது என்று மறுப்பது புதியவரைக் காயப்படுத்தும்.

இன்னொன்று, ஆட்டக்காரரின் இயல்பும் கதாபாத்திரத்தின் இயல்பும் ஒன்றல்ல. கூச்சமுள்ள ஒருவர் நாவன்மை மிக்க பார்டாக (பாடகராக) ஆட விரும்பினால், அவர் மேசையில் அழகாகப் பேசிக் காட்ட வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. ஃபைட்டராக ஆடுபவரிடம் யாரும் பாறையைத் தூக்கிக் காட்டச் சொல்வதில்லை. எதைச் சொல்லி இணங்கவைக்கப் பார்க்கிறார் என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும். பேச்சின் அழகைத் தாளில் உள்ள கரிஸ்மா பார்த்துக்கொள்ளும்.

பக்கத்தில் அமர்ந்து உதவுபவர் அடக்கிக்கொள்ள வேண்டிய ஆசை ஒன்று உண்டு. புதியவர் தயங்கும்போது, எது சிறந்த நகர்வு என்று சொல்லிவிட மனம் துடிக்கும். சொல்லாதீர்கள். எந்தெந்த வழிகள் திறந்திருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எந்த எண் உருட்டப்படும் என்பதை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அவர் சுமாரான நகர்வைத் தேர்ந்தெடுத்தாலும் அது அவருடையது. விதி பற்றி மேசையில் ஐயம் எழுந்தால் டிஎம் அப்போதைக்கு ஒரு முடிவைச் சொல்லி ஆட்டத்தை நகர்த்த வேண்டும். புத்தகத்தைப் புரட்டுவது அமர்வு முடிந்தபின் இருக்கட்டும். புதியவர் முன்னால் பழகிய இருவர் விதிவாதம் செய்துகொண்டிருந்தால், தமக்கு இந்த ஆட்டம் எட்டாது என்ற முடிவுக்கே அவர் வருவார்.

இதே முறையை வேறு ஆட்டங்களுக்கும் கொண்டுபோகலாம், ஆனால் எண்களின் திசையை முதலில் சொல்லிவிட வேண்டும். 1981-இல் வந்த கால் ஆஃப் கதூலு என்ற ஆட்டத்தில் நூற்றுக்கு உருட்டி, தம் ஸ்கில் எண்ணுக்குச் சமமாகவோ கீழாகவோ வந்தால்தான் வெற்றி. டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸில் பழகியவர் அங்கே 97 விழுந்ததைப் பார்த்துத் துள்ளிக் குதிப்பது வழக்கம்.

லெவல் ஏறும் நாள்

300 எக்ஸ்பி (அனுபவப் புள்ளிகள்) சேர்ந்ததும் மின்னி இரண்டாம் லெவலுக்குப் போகிறாள். சில குழுக்களில் எக்ஸ்பி கணக்கில்லாமல், கதையில் ஒரு கட்டம் முடிந்ததும் டிஎம் லெவலை உயர்த்திவிடுவார். அதுவும் சரியான வழிதான். எப்படி ஏறினாலும், தாளைத் திருத்தும் வேலையைப் புதியவர் கையிலேயே கொடுங்கள். செயலி ஒன்று எல்லாவற்றையும் தானாக மாற்றிவிடும் என்றாலும், முதன்முறை பென்சிலும் ரப்பரும்தான் வேண்டும். ஹெச்பிக்கு எட்டு முகப் பகடையை உருட்டலாம், அல்லது விதிநூல் தரும் நிலையான 5-ஐ எடுத்துக்கொள்ளலாம். அதோடு கான்ஸ்டிட்யூஷனின் 2. நிலையான எண்ணை எடுத்தால் 10 என்பது 17 ஆகும். புரொஃபிஷியன்சி அதே +2 என்பதால் வில்லின் +5 மாறாது, ஸ்டெல்த்தின் +7 மாறாது. ஏன் மாறவில்லை என்று அவரே சொல்லட்டும். புதிதாக வருவது கன்னிங் ஆக்ஷன் ஒன்றுதான்: இனி ஓடுவதையும், அடிபடாமல் விலகுவதையும், ஒளிவதையும் மின்னி போனஸ் ஆக்ஷனாகவே செய்யலாம். முதல் நாள் வெறுமையாக விட்டுவைத்த அந்த இடத்தில் இதை எழுதச் சொல்லுங்கள். எய்துவிட்டு மரத்தின்பின் ஒளிந்து, அடுத்த முறை அட்வான்டேஜோடு எய்யலாம் என்பதையும், அதனால் தோழர் அருகில் இல்லாவிட்டாலும் ஸ்னீக் அட்டாக் கிடைக்கும் என்பதையும் அவர் தாமே கண்டுபிடிக்கச் சற்று நேரம் கொடுங்கள். மூன்றாம் லெவலில் ரோக் தன் கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பேச்சு 900 எக்ஸ்பி சேரும்வரை காத்திருக்கலாம்.